கரிசல் மண்ணும் கோவில்பட்டியின் வளர்ச்சியும்

முன்னுரை

ஒரு நகரைத் தொழில் முனைவோர்க்கு எடுத்துரைப்போர் அதன் சாலை வசதி, மின்சாரம், மலிவான நிலம் ஆகியவற்றையே முதலில் கூறுவர். வள்ளுவரோ 'நாடு' என்னும் அதிகாரத்தில் நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், காவல் ஆகிய ஐந்தையும் நாட்டிற்கு அணிகலன்களாகக் கொள்கின்றார். அவ்வைந்தனுள் செல்வமும் ஒன்று, அதுவே அனைத்துமன்று. இந்த அளவுகோலைக் கொண்டு, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 95,057 மக்கள் வாழ்ந்த கோவில்பட்டி நகரின் வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணும் மழையும்

கோவில்பட்டி வட்டாரத்தில் வற்றாத ஆறு எதுவும் பாயவில்லை. வடகிழக்குப் பருவமழையே உழவர்க்கு உயிர். ஆயினும் கரிசல் மண்ணுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. மழையில் அது உப்பிப் பெருகும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். உட்கொண்ட ஈரத்தை நெடுநாள் விடாது காக்கும். அவ்வீரத்தை நம்பியே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், கொத்தமல்லி ஆகியவை மானாவாரியாக விளைகின்றன.

இம்மண்ணின் இயல்பை அறிவியல் நெறியில் ஆராயக் கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. தமிழ்நாட்டுப் பயிர் ரகங்களின் பெயரில் 'கோ' என்னும் எழுத்துக் கோயம்புத்தூரைக் குறிப்பது போல், 'கே' என்பது கோவில்பட்டியைக் குறிக்கும். வறட்சியைத் தாங்கும் ரகங்களைத் தேர்வதும், மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைக்கும் முறையைச் செம்மைப்படுத்துவதும் இந்நிலையத்தின் பணிகள். புதுமை என்பது கணிப்பொறிக் கூடங்களில் மட்டுமே பிறப்பதன்று என்பதற்கு இது சான்றாகும்.

குறையே முதலாயிற்று

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப்பாதை அமைந்தபின், கரிசல் பருத்தி துறைமுகம் செல்ல வழி பிறந்தது. நூற்பாலைகளும் எழுந்தன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவியது. மழை குறைந்த வறண்ட வானிலை, மருந்து முக்கிய குச்சிகள் உலர ஏற்றதாயிருந்தது. உழவுக்குக் குறையாயிருந்த வெயிலே இத்தொழிலுக்கு முதலாயிற்று. மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றழைக்கும் பணியிடங்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தன.

1940களில் பொன்னம்பல நாடார் தம் மளிகைக் கடையில் விற்கத் தொடங்கிய கடலை மிட்டாய், பின்னர் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அருகிலுள்ள கயத்தாற்றில் வீசும் காற்றும் வீணாகவில்லை. காற்றாலைகளைச் சோதிக்கும் நடுவணரசின் நிலையம் அங்கு அமைந்துள்ளது.

கோவை தரும் பாடம்

கோயம்புத்தூரும் கரிசலும் பருத்தியும் கொண்ட பகுதியே. அங்கு முதல் நூற்பாலை 1888இல் தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்தது. ஆலைகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைச் செய்யும் பட்டறைகள் பெருகின. பொறியியல் கல்லூரிகளும், 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் தோன்றின. நூல் நூற்ற ஊர், நூற்கும் இயந்திரத்தையே செய்யும் ஊராக உயர்ந்தது.

கோவில்பட்டியில் ஆலையும் ஆராய்ச்சி நிலையமும் முன்னரே இருந்தன. பொறியியல் கல்லூரி 1984இல்தான் வந்தது. பண்டம் செய்வதிலிருந்து கருவி செய்வதற்கு ஏறும் அந்தப் படியே இங்கு இன்னும் முழுமை பெற வேண்டியதாகும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை தொடங்கப்பெற்ற இக்காலத்தில், அதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களைக் கரிசல் இளைஞர் செய்வரா, அல்லது வாயிற்காவலராக மட்டும் நிற்பரா என்பது நம்முன் உள்ள வினா.

வாழ்க்கைத் தரம்

வளர்ச்சியின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பல்லாண்டுகள் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் விரல்களும் உழைத்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி செய்தலைக் குழந்தைகளுக்கு விலக்கிய பணிகளுள் ஒன்றாக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றமும் வன்மையாகத் தீர்ப்பளித்தது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றதே கரிசல் வட்டாரத்தின் மிகப் பெரிய முதலீடு எனலாம்.

இன்று இத்தொழில் வேறொரு சோதனையில் உள்ளது. இயந்திரங்களும் லைட்டர்களும் கையுழைப்பைக் குறைத்துவிட்டன. இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை விதிக்கப்பட்டது. தடை சிறிது காலம் தாங்கலாம். கட்டை அடுக்கிய பெண்களுக்கு மாற்றுத் தொழிலைத் தடையால் தர இயலாது. குடிநீரும் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வரவேண்டியுள்ளது. ஆதலின் கண்மாய்களைத் தூர் வாருவதும் வேலிக்கருவையை அகற்றுவதும் தொழில் வளர்ச்சிப் பணிகளே.

இன்பமும் புகழும்

வள்ளுவர் கூறிய இன்பத்திற்கு இங்குக் குறைவில்லை. கோவில்பட்டி ஹாக்கி விளையாட்டிற்குப் பெயர் பெற்றது. அண்மையிலுள்ள எட்டயபுரம், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய ஊர். பாரதியார் பிறந்த ஊர். புலவரைப் போற்றிய அம்மண்ணில் சமய வேற்றுமை தமிழுக்குத் தடையாகவில்லை. இடைசெவல் என்னும் சிற்றூர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்தது, இருவரும் சாகித்திய அகாதெமி விருதுக்குரியோர். பூமணி 2014இலும் சோ. தர்மன் 2019இலும் அவ்விருதைப் பெற்றனர். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி, உழவர் பேச்சும் ஒரு செல்வம் என்பதை உணர்த்தியது.

முடிவுரை

ஆக, கோவில்பட்டி தன்னிடம் இல்லாததை எண்ணி வளர்ந்த நகரன்று. மழைக்குறை, வெயில், காற்று, கடலை ஆகியவற்றைப் பயனாக்கி வளர்ந்த நகர். வெளியூர் முதலீடு வரவேற்கத்தக்கதே. ஆயின் அது நீரைக் காப்பதாகவும், பெண்களுக்கு நிலையான ஊதியம் தருவதாகவும், படித்த இளைஞரை ஊரிலேயே நிறுத்துவதாகவும் அமைதல் வேண்டும். கல்லூரிகள் ஆராய்ச்சி நிலையத்தோடும் பட்டறைகளோடும் கைகோக்க வேண்டும். கடலை மிட்டாய், தீப்பெட்டித் தொழில்களின் வழக்குச் சொற்களையும் வரலாற்றையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்குரிய கடமையாகும். ஐந்து அணிகளும் ஒருங்கே அமைந்தால், நகரின் பெருமையை விளம்பரம் கூற வேண்டுவதில்லை; அங்கு வாழ்வோரே கூறுவர்.