வழுக்கி விழுந்த காயங்கள்

வேளச்சேரிச் சாலையும் சோழிங்கநல்லூர்ச் சாலையும் வந்து கூடுகிற மேடவாக்கம் சந்திப்பைச் சுற்றி, முன்பு வயலும் ஏரியுமாய்க் கிடந்த பூமியில் அடுக்ககங்கள் எழும்பி, ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வசிக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் அச்சுவருக்கு அப்பால் பாத்திரம் உருளும் ஓசையும், தொடர்ந்து ஓர் அழுகுரலும், பின்னர் அதனினும் பயங்கரமான நிசப்தமும் கேட்கும்போது, தொலைக்காட்சியின் சப்தத்தைச் சற்றே கூட்டிவைத்து, "அது அவங்க வீட்டு விவகாரம்" என்று இருந்துவிடுவதையே நாம் நாகரிகமாகக் கருதுகிறோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். அகில இந்திய விகிதம் 29தான்.

காயம் சொல்லும் சாட்சியம்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்று அடிபட்டு வந்த மனைவி சொல்வாள். பெரும்பாலும் அவளுக்கு முன்பே உடன்வந்த கணவன் சொல்லிவிடுவான். வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவதால் உள்ளங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு உண்டாவது இயல்பு. அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியவளுக்கோ முன்கையின் வெளிப்புறத்தில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பை ஒட்டிக் கன்றிப்போயிருக்கும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் தழும்பே இல்லாமலும் போகலாம். குரல் கம்மியிருத்தல், விழுங்கும்போது வலி, கண்ணில் செம்புள்ளிகள் ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது, ஏனெனில் பின்னாளில் கொலையில் முடிந்த பல குடும்பங்களில் முன்னறிவிப்பாய் நின்றது இந்தக் கழுத்து நெரிப்பே. "எடை பார்க்கணும், உள்ளே வாங்கம்மா" என்று அவளைத் தனியே அழைத்துச் சென்று, "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?" என்று தாழ்ந்த குரலில் வினவத் தெரிந்த செவிலியர், மருந்துச் சீட்டினால் ஆகாத சிகிச்சையைச் செய்தவராவார்.

அனுசரணையும் சாராயமும்

முதல் அறைக்குப் பொறுப்பாளி கணவன். இரண்டாவது அறைக்கு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அவளைத் திருப்பியனுப்பிய பிறந்த வீடும் பங்காளி என்பேன். குடித்ததால் அடித்தான் என்பது பாதி உண்மை. அதே போதையில் அவன் தன் மேஸ்திரியை அடிப்பதில்லை. ஆகவே குடிநோய்க்குச் சிகிச்சை அவசியமெனினும், அது மட்டுமே போதாது.

சட்டம் தரும் கேடயம்

புகார் கொடுத்தால் புருஷன் சிறைக்குப் போய்விடுவானே என்ற பயத்தாலேயே பல பெண்கள் மௌனம் சாதிக்கிறார்கள். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, தண்டிப்பதைவிடத் தடுப்பதையே பிரதான நோக்கமாகக் கொண்டது: பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரிலோ மனுச் செய்தால், சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் விசாரணையைத் தொடங்க வேண்டும், வீடு யார் பெயரில் இருப்பினும் அவளை முறையின்றி வெளியேற்ற முடியாது, பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. தாலி கட்டாமல் தம்பதிகளைப் போல் வாழ்ந்த பெண்ணுக்கும் இச்சட்டம் பொருந்தும். மாவட்டந்தோறும் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. சென்னையில் 2001 முதல் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய பெண்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டிருக்கிறது.

பிரிந்துபோகத் துணியும் தருணமே மிகுந்த அபாயமுள்ளது என்பதால், ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவைப்பது விவேகம்.

அழைப்பு மணி

2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' இயக்கம் அண்டை வீட்டாரிடம் வேண்டியது ஒன்றே ஒன்று: சத்தம் கேட்டால் போய் மணியடியுங்கள். அரை டம்ளர் சர்க்கரை கேட்கலாம், தண்ணீர் லாரி எப்போது வருமென்று விசாரிக்கலாம். சாக்கு எதுவாயினும், ஓங்கிய கை கதவைத் திறக்க இறங்கியாக வேண்டும். தனியே போக அஞ்சினால் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஆயுதம் தெரிந்தால் போகாமல் 112ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு, பெண்கள் உதவி எண்ணான 181 இரவும் பகலும் கட்டணமின்றிப் பதில் சொல்லும்.