உங்களுக்குத் தெரியுமா? அம்பத்தூர் 'டன்லப்' ஒரு குடும்பப் பெயர்!

டன்லப் என்றால் அம்பத்தூர்க்காரர்களுக்கு டயர் கம்பெனி, அதையொட்டி ஒரு பஸ் ஸ்டாப். ஆனால் அது ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்ப்பதுபோல, அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே ஊர்ப் பெயரைத் தங்கள் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை ஆதரித்து, ஆண்டுக்கணக்கில் அவருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த பிரான்சிஸ் டன்லப் அந்த வீட்டு மருமகள். ஊரின் பெயரில் ஒரு பாலாடைக்கட்டியும் உண்டு; அங்கே அதுதான் பிரபலம்!

டயருக்கு வருவோம். அதே அயர்ஷயரில் 1840இல் பிறந்த ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888இல் காப்புரிமையும் கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1840களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்று. டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் தப்பித்தது. தாம்சனுக்குக் கொஞ்சம் அநியாயம்தான். டன்லப்பும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, 1890களிலேயே கம்பெனியை விட்டு விலகிவிட்டார். கம்பெனியோ இந்தியாவரை வந்து, முதலில் வங்காளத்தின் சாகாகஞ்சிலும், அடுத்து அம்பத்தூரிலும் தொழிற்சாலை கட்டியது.