யானையேறிப் போன கோமாளி

சொற்களின் துணையை நாடாமலே மனிதனைச் சிரிக்கவைத்து, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை நெகிழவும் வைக்கும் வல்லமை ஹாஸ்ய ரசத்துக்கு உண்டென்பதற்குத் திருஷ்டாந்தமாக ஒரு படத்தைக் கேட்டால், சாப்ளினுடைய படங்களுக்கும் முன்பாக, 1965-இல் பிரெஞ்சு தேசத்தில் வெளியாகி நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டறியாத 'யோயோ'வையே நான் சொல்வேன். அதை இயக்கி, தந்தை, மகன் என்ற இரு வேஷங்களையும் தாமே தரித்தவர் பியர் எதெக்ஸ். அவருடன் அமர்ந்து கதையை எழுதியவர், பிற்காலத்தில் பீட்டர் புரூக்கின் மேடைக்காக நம் மகாபாரதத்தையே நாடகமாக்கித் தந்த ழான் குளோத் காரியேர்.

கதை 1925-இல் தொடங்குகிறது. அளவிறந்த ஐசுவரியத்தின் நடுவே பொழுது போகாமல் வாடும் ஒரு கோடீசுவரன், ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ் ஒன்று தன் மாளிகைக்கு வந்தபோது, தான் இழந்த காதலியைக் குதிரை மேலும், தான் அறியாத தன் மகனைக் கோமாளி வேஷத்திலும் காண்கிறான். அதுவரை படத்தில் சம்பாஷணையே இல்லை. 1929-இன் பொருளாதார வீழ்ச்சி அவன் சொத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகும் தருணத்தில்தான் படம் வாய் திறக்கிறது. அவனோ துக்கிக்காமல், அவ்விருவரோடும் வண்டியேறி நாடோடியாகிறான். அதே வீழ்ச்சியில் பருத்தி விலை சரிந்து நம் கரிசல் சீமையும் அல்லலுற்றது. பஞ்சின் விலையோடு குடும்பங்களின் தலைவிதியும் ஏறி இறங்கக் கண்ட நமக்கு இக்கதை அந்நியமானதன்று.

மகன் வளர்ந்து, யோயோ என்ற பெயரால் பெரும் கீர்த்தி பெற்று, தந்தை துறந்த மாளிகையை மீட்டு, விருந்து வைத்துப் பெற்றோரை அழைக்கிறான். வந்தவர்கள் உள்ளே அடியெடுத்து வைக்க மறுத்துவிடுகிறார்கள். அந்த ஆடம்பரச் சிறையிலிருந்து அவனைச் சுமந்து செல்ல ஒரு யானை வருகிறது! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதியில் யானையைக் கண்டு குதூகலித்த குழந்தைக்கு அந்த ஆனந்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உரிமை பற்றிய வியாஜ்ஜியத்தால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த எதெக்ஸின் படங்கள் 2010-இல்தான் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையேறின. 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு வசனமுமின்றி எடுத்த 'பேசும் படம்' நம்மவரை எப்படிச் சிரிக்கவைத்தது என்பதை நினைத்தால், 'யோயோ'வும் இங்கே வரவேற்புப் பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த குமாரசாமி ராஜா தம் சொந்த இல்லத்தையே ஈந்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் இராஜபாளையத்தில் இருக்கிறது; அவ்வூர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து, ஒரு ஞாயிறு மாலை இப்படத்தை அங்கே திரையிட வேண்டுமென்று கலையபிமானிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.