கடல் வணிகன் மகளும் தரை வணிகன் மகனும்



பாகூரிலிருந்து புதுவைக்குப் பேருந்தில் செல்லும்போது, தவளக்குப்பம் தாண்டியதும் அரியாங்குப்பம் வருகிறது. அங்கே ஆற்றங்கரையில், மரங்களுக்கிடையே அரிக்கமேடு அமைதியாகக் கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது உரோமாபுரி வரை பெயர் பெற்ற துறைமுகம் என்றால் நம்புவீர்களா?

அந்நாளில் எழுந்த ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் ‘பொதுகே’ என ஒரு துறையைக் குறிப்பிடுகிறது. அது இவ்விடமே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1937-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இங்குள்ள சிறுவர்களிடமிருந்து பழைய மணிகளை வாங்கினார். மனிதத் தலை செதுக்கிய கல் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. அது அகுஸ்துஸ் பேரரசரின் முகம் என்று கருதப்பட்டது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் சிவப்புக் கலங்களும், இரு கைப்பிடி கொண்ட மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. இங்கிருந்து மணிகளும் துணிகளும் கப்பலேறின.

யவனக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பின. ஆனால், கப்பல் கரைக்கு வந்தால் மட்டும் போதுமா? சரக்கை உள்நாட்டு ஊர்களுக்கு ஏற்றிச் செல்ல வணிகக் கூட்டம் வேண்டும். அக்கூட்டத்திற்குச் ‘சாத்து’ என்று பெயர். இலாபத்தில் யாருக்கு எவ்வளவு என்பதில் கடல் வணிகரும் தரை வணிகரும் போட்டியிட்டிருக்கலாம். எனினும் ஒருவரின்றி மற்றவர் இல்லை.

இதனை எண்ணும்போது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. இதே கடற்கரையில், நமக்குத் தெற்கே உள்ள புகார் நகரில் யவனர் குடியிருப்பும் இருந்ததாக அக்காப்பியம் கூறுகிறது. அந்நகரில் மாநாய்கன் கடல் வணிகன்; மாசாத்துவான் தரை வணிகன். முன்னவன் மகள் கண்ணகி; பின்னவன் மகன் கோவலன். அவர்கள் திருமணம் இரு மனங்களை மட்டுமன்றி, கடலையும் சாலையையும் இணைத்த திருமணம் என்பேன்.

கோவலன் பொருளையெல்லாம் இழந்து திரும்பிய நாளில், கண்ணகி குறை கூறவில்லை. தன் சிலம்பைத் தந்தாள். சென்ற ஆண்டு விதைநெல் வாங்கப் பணமின்றி அப்பா திண்ணையில் அமர்ந்திருந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் இரு வளையல்களையும் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தார். பாடத்தில் படித்த காட்சியை அன்றுதான் புரிந்துகொண்டேன். அறுவடைக்குப் பின் வளையல்கள் வீடு திரும்பின, கோவலனோ திரும்பவில்லை. மதுரையில் ஒரு பொற்கொல்லனின் பொய் அவன் உயிரைக் குடித்தது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

வணிகத்திற்கும் இல்லறத்திற்கும் அடிப்படை ஒன்றே, அது நம்பிக்கை. மொழி அறியாத யவனரும் தமிழரும் பொருள் மாற்றிக்கொண்டது அந்நம்பிக்கையால் அன்றோ?

தோழியரே, அரிக்கமேட்டிற்குச் சென்றால், மழைக்குப் பின் மண்ணில் சிறு மணிகள் மின்னக் காண்பீர்கள். அவற்றை எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே இருந்தால்தான் அவை வரலாறு பேசும். நம் முன்னோர் நம்மை நம்பி விட்டுச்சென்ற செல்வத்தை நாம் காப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி