காலத்தைப் பங்கிடும் விளக்குகள்

இரு சாலைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாற்சந்தியில், ஒரு சாலையின் வண்டிகள் செல்லும்போது மற்றதன் வண்டிகள் நிற்றல் வேண்டும். நகரின் நடுவே சாலையை அகலமாக்க இடம் இராது. ஆதலின், இருக்கும் காலத்தையே பங்கிட்டளித்தல் வேண்டும். அப்பணியைச் செய்வனவே போக்குவரத்து விளக்குகள்.

1868ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்றத்தின் அருகே முதல் விளக்கு நிறுவப்பட்டது. புகைவண்டித் துறைப் பொறியாளர் நைட் என்பார் அதனை அமைத்தார். பகலில் கைகாட்டியும், இரவில் சிவப்பும் பச்சையுமான எரிவாயு விளக்குகளும் வழிகாட்டின. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அது வெடித்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். பின்னர், 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்குகள் அமைந்தன. 1920இல் டிட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ், மஞ்சள் நிறத்தையும் சேர்த்து நாற்புறமும் காட்டும் விளக்கை அமைத்தார்.

விளக்கு அமைந்துவிட்டால் நெரிசல் நீங்கிவிடுமோ? நீங்காது. நிறம் மாறுந்தோறும் நின்ற வண்டிகள் புறப்படவும், சந்தி காலியாகவும் சில விநாடிகள் கழிகின்றன. ஒரு சுற்றுக்கு 10 விநாடிகள் இவ்வாறு கழிவதாகக் கொள்வோம். சுற்று 40 விநாடியாயின் காலத்தில் கால் பங்கு வீணாகும். 100 விநாடியாயின் பத்தில் ஒரு பங்கே வீணாகும். அங்ஙனமாயின் சுற்றை மேலும் நீட்டலாமே எனில், அதுவும் தவறு. ஒரு சாலை வண்டியின்றி வெறுமையாய்க் கிடக்க, மற்றதில் மக்கள் வீணே காத்து நிற்பர். காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாக அமையும் சுற்றின் அளவைக் கணக்கிடும் முறையை 1958இல் ஆங்கிலப் பொறியாளர் வெப்ஸ்டர் வகுத்தளித்தார். வண்டிகள் மிகுந்தால் சுற்று நீளும், குறைந்தால் சுருங்கும். அவ்வச் சாலையின் நெருக்கத்திற்கு ஏற்பப் பச்சையின் நேரம் பிரிக்கப்படும்.

அடுத்தடுத்த சந்திகளையும் இணைத்தல் நலம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, 400 மீட்டர் தொலைவை 40 விநாடியில் கடக்கும். முதற்சந்தியில் பச்சை எரிந்த 40 விநாடிக்குப் பின் அடுத்த சந்தியில் பச்சை எரிந்தால் அவ்வண்டி நில்லாமல் செல்லும். 1963இல் கனடாவின் டொராண்டோ நகரில் கணிப்பொறியே விளக்குகளை இயக்கத் தொடங்கியது. சாலையின் அடியில் பதித்த கம்பிச் சுருள்களால் வண்டிகளின் வரவை அறிந்து, நேரத்தை மாற்றும் விளக்குகளும் இன்று உள்ளன.

எனினும், பொறி எத்துணை நுட்பமாயினும் மக்களின் ஒழுங்கின்றிப் பயன் தராது. முன்னே இடமில்லாதபோதும் சந்திக்குள் நுழைந்து நிற்கும் ஒரு வண்டி, குறுக்குச் சாலையின் பச்சையைப் பயனற்றதாக்குகிறது. அச்சாலையில் நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் காத்திருக்கலாம். சிவப்பு விளக்கு நம்மைத் தடுப்பதன்று. பிறருக்குரிய காலத்தை அவர்க்கு அளிப்பதாகும்.