பிள்ளை பேர்ல பத்திரம் போடலாமா?

விளாங்குடிப் பக்கம் மூணு சென்ட் இடமோ சின்ன வீடோ வாங்குறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: "பத்திரத்தை பாப்பா பேர்லயே போட்டுரலாமா? பின்னால படிப்புக்கு ஆகுமே?" நல்ல எண்ணம்தான். ஆனா அந்தப் படிப்புக்குப் பணம் தேவைப்படும்போதுதான் சிக்கல் தெரியும்.

பிள்ளைக்கு 18 வயசு ஆகிற வரைக்கும் பெத்தவங்க வெறும் கார்டியன்தான், சொத்துக்காரர் இல்லை. இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் வருஷத்துச் சட்டம், பிரிவு 8 பொருந்தும். கோர்ட் அனுமதி இல்லாம விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பிள்ளைக்கு அவசியம், இல்லைன்னா தெளிவான நன்மைன்னு காட்டினாத்தான் அனுமதி. அப்பாவோட வியாபாரக் கடன்னு போய் நின்னா லேசுல கிடைக்காது.

வாடகைக்கு விடலாம். 11 மாச அக்ரிமென்ட்ல பிரச்சினை இல்லை. 5 வருஷத்துக்கு மேல, இல்லைன்னா பிள்ளைக்கு 19 வயசு தாண்டியும் ஓடுற மாதிரி குத்தகை எழுதணும்னா அதுக்கும் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

இடம் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மூலப்பத்திரத்துல 'மைனர், கார்டியன் தகப்பனார்'னு இருந்தா கோர்ட் உத்தரவைக் கேளுங்க. அனுமதி இல்லாம வித்திருந்தா, அந்தப் பிள்ளை மேஜராகி 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டு விற்பனையை ரத்து பண்ணலாம்.

அப்போ என்ன செய்யலாம்? உங்க பேர்லயே வாங்குங்க, உயில் எழுதி வைங்க. பிள்ளைக்கு 18 ஆனதும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். பாசம் அப்பவும் அப்படியேதான் இருக்கும். நடுவுல ஒரு அவசரம் வந்தா கையும் கட்டிப்போட்ட மாதிரி இருக்காது.