ஏரிக்குள் போகும் வயல்

கீரப்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் வீராணம் ஏரியை ஐப்பசி அடைமழையில் பாருங்கள். தண்ணீர் கலங்கிச் சிவந்து கிடக்கும். அது எந்த ஊர் மண் தெரியுமா?

வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து மேட்டுநில வெள்ளமும் வந்து சேரும். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். செடியோ புல்லோ இல்லாத நிலத்தில் அது மோதினால் மண்கட்டி சிதறிப் பொடியாகும். அந்தப் பொடியை ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் வயல்மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். களிமண் மட்டும் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். மிக நுண்ணிய களித்துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஓடையில் அதற்கு அவ்வளவு நேரம் ஏது? அசையாத ஏரிக்கு வந்த பிறகுதான் படிகிறது. சோழர் காலத்திலிருந்து வயலுக்குப் பாய்ந்து, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் தரும் ஏரி இப்படித்தான் ஆழம் குறைகிறது.

மண் தனியாகவும் வருவதில்லை. டி.ஏ.பி. உரத்தில் உள்ள பாஸ்பரஸ் களித்துகளில் ஒட்டிக்கொண்டு வரும். யூரியா தண்ணீரிலேயே கரைந்து வரும். நெல்லுக்குப் போட்ட சாப்பாட்டை ஏரியில் பாசி தின்று கொழுக்கும். அது செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் திணறும். சில பாசிகள் நஞ்சையே உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் அப்படி நஞ்சு கலந்ததால், டொலிடோ நகரத்துக் குழாய்த் தண்ணீரை ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இரண்டு நாளுக்கு மேல் குடிக்க முடியவில்லை. அங்கும் வயல் உரம்தான் முக்கியக் காரணம்.

மண்ணும் உரமும் அடித்துச் செல்லப்படுவதை ஏரியில் தடுப்பதைவிட வயலில் தடுப்பது எளிது என்பதே என் எண்ணம். வாய்க்கால் ஓரத்துப் புல்லைச் சுத்தமாகச் செதுக்கி எடுக்கிறோமே, அந்தப் புல்தான் நீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. கரையில் வெட்டிவேர் நட்டால் இன்னும் நல்லது. அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கட்டிப்போடும். உடைந்த வரப்பை மழைக்கு முன்பே அடைக்க வேண்டும். மழை வரும் என்று வானொலியில் சொன்னால், அன்று மேலுரம் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். உரக்காசும் மிச்சமாகும்.